கோட்டைக்கு ஒரு போர்டு

போர்டு வந்து சேர்ந்துவிட்டது. அதில் எழுத வேண்டிய பெயர்தான் வரவில்லை.

காப்பிக்கொட்டை நிறத்தில், ஆள் உயரத்துக்கு, பளபளவென்று நகராட்சி வாசலில் சாத்தி வைத்திருந்த அந்தத் தகட்டை அவ்வாத் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். மேலே அரபிக்கு ஒரு வரி இடம். கீழே ஆங்கிலத்துக்கு ஒரு வரி இடம். ஓரத்தில் ஓர் அம்புக்குறி. அம்புக்குறியை மட்டும் தலைநகரத்திலேயே போட்டு அனுப்பியிருந்தார்கள்.

"பேரு எங்கங்க?" என்று லாரிக்காரரைக் கேட்டான்.

"அதை நீங்களே எழுதிக்கணுமாம். போன் பண்ணிக் கேட்கும்போதெல்லாம் உங்க ஊர்ல ஆளுக்கொரு பேரு சொன்னீங்களாமே? மேலதிகாரி கடுப்பாகி, வெறும் பலகையாவே ஏத்துங்கடான்னுட்டாரு."

மேலதிகாரியைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் ஊர் மலைமேல் நிற்கிற கோட்டையைக் கட்டியவர்கள் சிலுவைப் போருக்கு வந்த ஃபிராங்கியர்கள். அதில் ஊருக்குள் யாருக்கும் சண்டை கிடையாது. அவர்களை அங்கிருந்து விரட்டியது யார் என்பதில்தான் சண்டை. ஊரின் கீழ்ப்பாதியான கீழூரைக் கேட்டால், எங்கள் மூதாதை ஷிப்லி விரட்டினார், அது ஷிப்லி கோட்டை என்பார்கள். மேல்பாதியான மேலூரைக் கேட்டால், எங்கள் ரவாஹ் விரட்டினார், அது ரவாஹ் கோட்டை என்பார்கள். இரண்டு பேருமே ஒரே இரவில், ஒரே வாசல் வழியாக, தன்னந்தனியாக உள்ளே புகுந்தவர்கள். ஒருவரை ஒருவர் இருட்டில் எப்படி இடித்துக்கொள்ளாமல் போனார்கள் என்று சின்ன வயதில் கேட்டு, நான் இரண்டு தெருவிலும் காதில் திருகு வாங்கியிருக்கிறேன்.

அவ்வாத் நகராட்சியில் சாலைக்கும் போர்டுக்கும் பொறுப்பான குமாஸ்தா. வேறு சமயமாக இருந்தால் போர்டை யார் தலையிலாவது கட்டிவிட்டு நகர்ந்திருப்பான். இப்போது முடியாது. அவன் மேலூர்க்காரன். அவன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட அபீர் கீழூர்க்காரி. அதுவும் கீழூரின் பெரிய தலையான அபூ ஹஸ்ஸாவின் ஒரே மகள். வருகிற வெள்ளிக்கிழமை மேலூர்ப் பெரியவர்கள் கூட்டமாகப் போய்ப் பெண் கேட்பதாக ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்கு இரண்டு வீடுகளையும் சம்மதிக்க வைக்க அவ்வாத் பட்ட பாடு அவனுக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும்.

அன்று சாயங்காலமே அபூ ஹஸ்ஸாவிடமிருந்து ஆள் வந்தது. அவ்வாத் போனான். மகன் ஹஸ்ஸா காபித் தூக்கோடு வந்து, ஏலக்காய் மணக்கும் கசப்புக் காபியைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தான்.

"போர்டு வந்துருச்சாமே?" என்றார் அபூ ஹஸ்ஸா.

"ஆமாங்க மாமா."

"என்ன பேரு எழுதப்போற?"

"இன்னும் யோசிச்சுக்கிட்டு..."

"யோசிக்க என்ன இருக்கு? ஷிப்லி கோட்டைன்னு எழுது. ரவாஹ்னு எழுதுற யோசனை இருந்தா, வெள்ளிக்கிழமை உங்க ஆளுங்க சிரமப்பட்டு மேட்டுல இருந்து இறங்கி வரவேண்டாம். அவ்ளோதான் விஷயம். காபியைக் குடி."

எங்கள் பக்கத்தில் காபி ஊற்றுகிறவன் கை தானாக ஓயாது. போதும் என்றால் காலிக் கிண்ணத்தை இப்படியும் அப்படியும் ஆட்டிக் கொடுக்க வேண்டும். ஆட்டாதவரை அடுத்த கிண்ணம் நிச்சயம். அவ்வாத் அன்று முதல் கிண்ணத்தை முடித்ததுமே கை வெடவெடவென்று ஆடியது. போதும் என்கிறார் மாப்பிள்ளை என்று ஹஸ்ஸா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

மேலூருக்குத் திரும்பினால், பெரியப்பா ஹாஜி முத்லக் வாசலிலேயே காத்திருந்தார். பெண் கேட்கும் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். அவர் வராவிட்டால் கூட்டம் கிடையாது. கூட்டம் வராவிட்டால் எங்கள் ஊரில் கல்யாணம் கிடையாது.

"அவரு என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியும்," என்றார் ஹாஜி. "நான் சொல்றதைக் கேட்டுக்கோ. ஷிப்லி பேரு அந்தப் போர்டுல ஏறினா, அன்னைக்கு எனக்குக் கால்வலி வந்துரும். மேலூர்ல மீசை வெச்ச அத்தனை பேருக்கும் கால்வலி வந்துரும்."

"பெரியப்பா, அது வெறும் போர்டு..."

"வெறும் போர்டுன்னா வெறுமனே விடேன்டா!"

மறுநாள் காலையில் அவ்வாத் மலை ஏறினான். கோட்டையில் பிரெஞ்சுப் பேராசிரியர் பெர்த்ரான் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது. யாரையும் பிள்ளையின் பெயர் சொல்லி ‘இன்னாரின் தகப்பன்’ என்று கூப்பிட்டே பழகிய எங்கள் ஊருக்கு அது பெரிய சங்கடமாகிவிட்டது. கடைசியில் அபூ ஹஜர், கல்லின் தகப்பன், என்று பெயர் வைத்துவிட்டார்கள். பொழுதெல்லாம் கல்லைத் தடவிக்கொடுக்கிற மனிதருக்குப் பொருத்தமான பெயர்தான்.

அரபியை அவர் புத்தகத்தில் படித்துக் கற்றவர். ஆகவே எங்கள் ஊரில் யாரும் பேசாத அரபியைப் பேசுவார்.

"வருக, அவ்வாத் அவர்களே! அமர்க. தங்கள் முகம் வாட்டமுற்றிருக்கிறதே?"

அவர் பக்கத்தில், படுத்துக்கிடந்த ஒரு தூணின் மேல் அபீர் உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லாக அளந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அதுதான் அவள் வேலை. ரோடு அளக்க வந்த அவ்வாத் இந்த இடத்தில்தான் அவளை முதலில் பார்த்தான். அப்புறம் அந்த ரோட்டை அவன் அளந்துகொண்டே இருந்தான்.

"அவன் முகம் போர்டு முகம், டாக்டர்," என்றாள் அபீர் பேராசிரியரிடம், தலை நிமிராமல். "அப்பா ஒரு பக்கம், ஹாஜி ஒரு பக்கம். நடுவுல இவன் அம்புக்குறி."

அவ்வாத் விஷயத்தைச் சொன்னான். பேராசிரியரின் கண்கள் விரிந்தன. பெயர்கள் என்றால் அவருக்குப் பைத்தியம்.

"இதைக் கேளுங்கள்! இக்கோட்டையின் பெயரை முதன்முதலில் ஏட்டில் எழுதியவர் ஒரு ஃபிராங்கியர். ‘மோன்கார்த்’ என்று எழுதினார். காவல் மலை என்பது பொருள். அதைக் கேட்டு எழுதிய அரபு வரலாற்றாசிரியருக்கு ஓர் இடர்ப்பாடு. அப்பெயரின் நடுவில் வரும் ‘கா’ ஒலிக்கு உங்கள் மொழியில் எழுத்தில்லை. ஆதலால் அவர் ஜீம் எனும் எழுத்தை இட்டார். அடுத்தவர் காஃப் இட்டார். மூன்றாமவர் கைன் இட்டார்."

"மூணுல எது சரி?"

"மூன்றும் தவறு. அதனால் மூன்றும் சரி. பின்னர் ஓர் ஆங்கிலேயர் அந்த அரபியைப் படித்து, தம் மொழியில் ‘முஞ்சரித்’ என்று எழுதினார். ஒரு ஜெர்மானியர் ‘முன்காரத்’ என்றார். இறுதியாக வந்தவர் இவை மூன்றும் வெவ்வேறு கோட்டைகள் என முடிவு செய்து, மூன்றாவதைத் தேடிப் பாலைவனத்தில் நெடுநாள் அலைந்தார்."

அவ்வாத் தன் கவலையை மறந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஒரே இடம், கை மாறி மாறி, வாய் மாறி மாறி, மூன்று இடமாகப் பிரிந்து போனது அவனுக்கு அதிசயமாக இருந்தது.

"சரி, ஃபிராங்கியர் வர்றதுக்கு முன்னாடி இந்த மலைக்கு என்ன பேரு?"

"அதை அறியவே நானும் ஆவலாக உள்ளேன். எங்கும் எழுதப்படவில்லை. ஊரார் மலையை ‘மலை’ என்றே அழைத்திருக்கவும் கூடும்."

"இப்ப மட்டும் என்ன வாழுது?" என்றாள் அபீர். "நேத்து போன்ல நீ என்ன சொன்ன? கோட்டைக்கு வர்றேன்னுதான சொன்ன? எந்தக் கோட்டைன்னு நான் கேட்டனா? அப்பாவும் கோட்டைப் பக்கம் ஆடு போயிருச்சுன்னுதான் கத்துவாரு. உங்க ஹாஜியும் அப்படித்தான். எழுதணும்னு வந்தாத்தான் ஷிப்லியும் ரவாஹும் எந்திரிச்சு வர்றாங்க."

"அப்போ ரெண்டு பேரும் வேணாம்!" அவ்வாத் துள்ளி எழுந்தான். "மோன்கார்த்! ஃபிராங்கி வெச்ச பேரையே எழுதிடுறேன். யாருக்கும் சார்பு இல்ல."

அபீர் பென்சிலை நிறுத்தி அவனைப் பார்த்தாள். "எங்கப்பா தோத்துப்போக மாட்டாரு அவ்வாத். விட்டுக்கொடுப்பாரு. ஆனா அதுக்கு அவருக்கு ஒரு கௌரவமான காரணம் வேணும்."

அதை அவன் காதில் வாங்கவில்லை. பாதி மலை இறங்கியிருந்தான்.

ஊரின் ஒரே பெயிண்டர் ஜிர்யஸ். ஷிப்லிக்கும் ரவாஹுக்கும் உறவில்லாத கிறிஸ்தவர் என்பதால் இரண்டு தெருவுக்கும் அவரே எழுதுவார்.

"எனக்கு எந்தப் பேரானாலும் சரி தம்பி. சின்னப் பேரா இருந்தா நல்லது," என்று சொல்லி, மோன்கார்த்தை அழகாக எழுதி, போர்டை ரோட்டோரம் நட்டுவிட்டார்.

மதியத் தொழுகை முடிவதற்குள் நகராட்சி வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அவ்வாத் ஜன்னல் வழியாகப் பார்த்தான். அபூ ஹஸ்ஸாவும் ஹாஜி முத்லக்கும் தோளோடு தோள் நின்றார்கள். அப்படி ஒரு காட்சியை எங்கள் ஊர் அதுவரை கண்டதில்லை.

"விரட்டினவன் பேரை விட்டுட்டு, விரட்டு வாங்கினவன் பேரை எழுதுவியா?" என்றார் அபூ ஹஸ்ஸா.

"நல்லாக் கேளுங்க!" என்றார் ஹாஜி. "ஓடிப்போனவனுக்குப் போர்டாம்!"

"ஓடினது யாருக்குப் பயந்துன்னு அதையும் எழுதச் சொல்லுங்க."

"அதானே! ரவாஹுக்குப் பயந்து..."

"ஷிப்லிக்குப் பயந்து!"

தோள்கள் விலகிவிட்டன. ஒற்றுமை அவ்வளவு நேரம்தான் தாங்கியது. ஜிர்யஸ் மண்ணெண்ணெய்த் துணியோடு போய் மோன்கார்த்தைத் துடைத்தார்.

"ரெண்டு பேரையும் எழுதிட்டா?" என்றான் அவ்வாத்.

"எது மேல, எது கீழ?" என்றார் ஜிர்யஸ்.

அவ்வாத் யோசித்தான். ஒரு தகட்டுக்கு மேல் கீழ் மட்டுமா இருக்கிறது, முன் பின்னும் இருக்கிறதே என்று பளிச்சென்று தோன்றியது. கோட்டைக்கு ஏறுகிறவர்கள் கண்ணில் படும் பக்கம் ஷிப்லி கோட்டை. இறங்கி வருகிறவர்கள் கண்ணில் படும் பக்கம் ரவாஹ் கோட்டை. யாரும் யாருக்கும் மேலே இல்லை. தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை முதல் சுற்றுலாப் பேருந்து வரும்வரை இருந்தது. பேருந்து ஏறிப்போய் ஷிப்லி கோட்டையைப் பார்த்தது. இறங்கும்போது ரவாஹ் கோட்டை என்று போர்டைப் பார்த்ததும் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டார்.

"இன்னொரு கோட்டை இருக்குதாமே, அது எங்க?"

விசாரித்துக்கொண்டே பேருந்து மேலூருக்குள் நுழைந்தது. அங்கே ஹாஜியின் மச்சான் ஒருத்தர் வீட்டுமுன் நின்றிருந்தார். ரவாஹ் கோட்டையைத் தேடி அந்நிய தேசத்திலிருந்து ஆள் வந்திருக்கிறது, இல்லை என்று சொன்னால் மேலூரின் மானம் என்னாவது? அவர் அவர்களைத் தம் ஆட்டுப்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பழைய கல் வைத்துக் கட்டிய பட்டிதான். அவர்கள் ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்தார்கள். அங்கிருந்த இரண்டு ஆடுகளோடும் சேர்ந்து நின்று எடுத்துக்கொண்டார்கள்.

செய்தி கீழூருக்குப் போனது. கீழூர் சிரித்த சிரிப்பு மலையில் தோண்டிக்கொண்டிருந்தவர்களுக்கே கேட்டதாம்.

"ரவாஹ் கோட்டையைக் கண்டுபிடிச்சுட்டாங்களாமே!" என்று அபூ ஹஸ்ஸா சந்தையில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். "புழுக்கை வாரிட்டீங்களா, இல்ல அதையும் தோண்டி ஆராய்ச்சி பண்ணணுமா?"

சிரித்த சந்தோஷத்தில் அபூ ஹஸ்ஸா வெள்ளிக்கிழமையைத் தடுக்கவில்லை; ஹாஜி முத்லக்தான் அன்று சாப்பிடவில்லை. அவ்வாத் பெரியம்மாவைத் தூது விட்டு, அழுது, காலைப் பிடித்து, கடைசியில் ஒரு நிபந்தனையின் பேரில் அவரைச் சம்மதிக்க வைத்தான்.

"வர்றேன். எங்க வீட்டுப் பிள்ளைக்காக வர்றேன். ஆனா அங்க போர்டுப் பேச்சு எடுக்கக்கூடாது. எடுத்தா, காபியைத் தொடாம எந்திரிச்சு வந்துருவேன்."

அவ்வாத் வெளியே வந்தான். அபீருக்குப் போன் போட்டான்.

"எங்கப்பா எடுக்காம இருக்கமாட்டாரே," என்றாள் அவள். பென்சிலால் எதையோ தட்டுகிற சத்தம் வந்தது. பிறகு கேட்டாள்: "அபூ ஹஜரையும் கூட்டிட்டு வாயேன்."

"அவரு எதுக்கு?"

"வெளிநாட்டு விருந்தாளி முன்னாடி எங்கப்பா குரலை உசத்தமாட்டாரு. கூட்டத்துக்கும் ஒரு மதிப்பு. கூட்டிட்டு வா."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. வெள்ளிக்கிழமை பேராசிரியர் கோட்டு போட்டுக்கொண்டு மேலூருக்கு வந்தார். அவர் பெண் கேட்கும் கூட்டத்தில் போவது மேலூருக்கே கௌரவம் அல்லவா? வீட்டுக்கு வீடு கூப்பிட்டுக் காபி கொடுத்தார்கள். அபூ ஹஜர் எங்கள் காபியின் பெரிய ரசிகர் என்று ஊருக்கே பெயர். ஊற்ற ஊற்றக் குடிப்பார். கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். கசப்பு உள்ளே இறங்கும்போது உடம்பை ஒரு குலுக்குக் குலுக்குவார். அவரைக் கண்டால் எந்த வீட்டிலும் தூக்கு காலியாகாமல் விடமாட்டார்கள்.

கீழூரில் அபூ ஹஸ்ஸாவின் கூடம் நிறைந்திருந்தது. சுவரோரமாக மெத்தைகள். ஒருபக்கம் மேலூர், எதிர்ப்பக்கம் கீழூர். உள்வாசல் திரைக்குப் பின்னால் பெண்களின் கிசுகிசுப்பு. ஹஸ்ஸா முதல் கிண்ணத்தை ஊற்றி ஹாஜி முத்லக்கிடம் கொடுத்தான். ஹாஜி அதை வாங்கி, குடிக்காமல், தமக்கு முன்னால் கம்பளத்தின்மேல் வைத்தார்.

முறை அதுதான். கேட்க வந்தவர் காபியைக் கீழே வைப்பார். கேட்டது கிடைக்கும்வரை தொடமாட்டார். வீட்டுக்காரர் "காபியைக் குடிங்க" என்று சொல்லிவிட்டால் கேட்டது கிடைத்துவிட்டது என்று அர்த்தம். குடிக்காத காபியை விட்டுவிட்டு விருந்தாளி எழுந்து போனால் அதைவிடப் பெரிய அவமானம் அந்த வீட்டுக்கு வேறில்லை. அப்புறம் மூன்று தலைமுறைக்கு அந்த இரண்டு வீடுகளும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காது.

ஹாஜி தொண்டையைக் கனைத்தார். ஆண்டவனைப் புகழ்ந்தார். நபியைப் புகழ்ந்தார். அபூ ஹஸ்ஸாவின் வீட்டைப் புகழ்ந்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"உங்க வீட்டுப் பொண்ணு அபீரை, எங்க வீட்டுப் பையன் அவ்வாத்துக்குக் கேட்டு வந்திருக்கோம். உங்க பதிலைக் கேட்டுட்டுத்தான் இந்தக் காபி."

எல்லோரும் அபூ ஹஸ்ஸாவைப் பார்த்தார்கள். இரண்டே வார்த்தைதான் அவர் சொல்ல வேண்டும். அவர் தாடியைத் தடவினார்.

"சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்தப் போர்டு விஷயமா ஒரு வார்த்தை..."

ஹாஜியின் கை மெதுவாக மேலங்கியை இழுத்துச் சேர்த்தது. எழுந்திருக்கப் போகிறவர் செய்கிற காரியம் அது. அபீர் இல்லாமல் இந்த ஊரில் இருப்பதைவிட, அந்த மூன்றாவது கோட்டையைத் தேடிப் பாலைவனத்துக்குள் போய்விடலாம் என்று அவ்வாத் நினைத்தான்.

ஹஸ்ஸா தூக்கோடு நடுவில் நின்று திருதிருவென்று விழித்தான். திரைப்பக்கம் ஒருமுறை பார்த்தான். அப்புறம் என்ன நினைத்தானோ, ஹாஜிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியருக்கு ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தான்.

பேராசிரியர் கிண்ணத்தை வாங்கினார். அதையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு, இரண்டு கையாலும், மிகுந்த மரியாதையோடு, அதைத் தமக்கு முன்னால் கம்பளத்தின்மேல் வைத்தார்.

எழுந்துகொண்டிருந்த ஹாஜி பாதியில் உட்கார்ந்தார்.

"அபூ ஹஜரும் ஏதோ கேட்கிறாரு!" என்றது ஒரு குரல்.

அபூ ஹஸ்ஸாவின் முகம் மாறிவிட்டது. கடல் தாண்டி வந்த விருந்தாளி, தம் வீட்டில், இத்தனை பேர் முன்னால் கிண்ணத்தைக் கீழே வைத்திருக்கிறார். இப்போது இல்லை என்று சொல்ல எந்த மனிதனால் முடியும்?

"டாக்டர்," என்றார் மெதுவாக, "என்ன வேணும் உங்களுக்கு?"

பேராசிரியர் வாய் திறக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டார். ஒரு கையை வயிற்றின்மேல் வைத்தார். நெற்றியில் வியர்வை அரும்பியது. நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"பாவம், வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படறாரு," என்றார் ஒரு கீழூர்க் கிழவர்.

"கேட்கணுமா என்ன?" என்றார் ஹாஜி. குரல் இளகியிருந்தது. "வருஷக்கணக்கா அந்த மலையில வெயில்ல கிடந்து வேகுறாரு. என்னத்துக்கு? அந்த ஒரு பேருக்குத்தான். எழுதினதையும் நாம துடைச்சிட்டோம்."

"அந்த மோன்கார்த்தா?"

"வேற என்ன இருக்கு அவருக்கு? பிள்ளையா, குட்டியா?"

அபூ ஹஸ்ஸா கண்ணை மூடினார். ஷிப்லியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டாரோ என்னவோ. திறந்தபோது நெஞ்சை நிமிர்த்தியிருந்தார்.

"என் பாட்டன் கோட்டையை எடுத்தான். நான் பேரைத் திருப்பித் தர்றேன். வாளுக்குக் கொடுக்காததை விருந்தாளிக்குக் கொடுத்தோம்னு நாளைக்கு ஊர் சொல்லட்டும். உங்க பேரையே எழுதிக்குங்க டாக்டர். எந்த எழுத்துல வேணும்னாலும் எழுதிக்குங்க. எழுந்து சொல்லுங்க ஹாஜி, மேலூருக்குச் சம்மதமா?"

"ரவாஹும் விட்டுக் கொடுத்தாருன்னு சேர்த்துச் சொல்லுங்க," என்றார் ஹாஜி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சொன்னேன். டாக்டர், காபியைக் குடிங்க! ஹாஜி, நீங்களும் காபியைக் குடிங்க! பொண்ணு உங்களுது!"

திரைக்குப் பின்னாலிருந்து குலவைச் சத்தம் கூரையைப் பிய்த்தது. ஹாஜி ஒரே மூச்சில் குடித்தார். அவ்வாத்தை யார் யாரோ கட்டிப்பிடித்தார்கள். பேராசிரியர் மட்டும் எல்லோரும் தம்மையே பார்ப்பதைக் கண்டு, கிண்ணத்தைக் கண்டு, மறுபடி எல்லோரையும் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். கூடமே அவருடைய ரசனையை மெச்சியது.

ஜிர்யஸ் மறுபடியும் மோன்கார்த்தை எழுதினார். நட்ட அன்று கீழூரும் மேலூரும் சேர்ந்து ஆடு அறுத்து, மன்சஃப் என்கிற தயிர்க் கறிச்சோறு ஆக்கி, ஒரே தட்டைச் சுற்றி நின்று சாப்பிட்டார்கள். நகராட்சித் தலைவர் தம்மால்தான் எல்லாம் நடந்தது என்று பேசினார். போர்டைத் தாண்டி ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒருத்தரை, எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்டேன். கோட்டைக்கு என்றார்.

சாப்பாடு முடிந்ததும் அவ்வாத் மலை ஏறினான். பேராசிரியர் வழக்கம்போல ஒரு கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி அபீர் தூணின்மேல் உட்கார்ந்து தீவிரமாக எதையோ அளந்துகொண்டிருந்தாள்.

"டாக்டர், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை," என்றான் அவ்வாத். "நீங்க உங்க பேருக்காகக் கேட்டீங்க. ஆனா என் வாழ்க்கையைக் காப்பாத்தி விட்டுட்டீங்க."

"எப்பெயருக்காக நான் கேட்டேன்?"

"மோன்கார்த்துக்குத்தான். அந்தப் போர்டுக்கு."

பேராசிரியர் தூரிகையைக் கீழே வைத்தார். "போர்டில் எப்பெயர் இருந்தால் எனக்கென்ன? இத்தனை பெயர்கள் இருப்பதல்லவா சுவை! வெள்ளியன்று அனைவரும் ஏன் என் கையைப் பற்றிக் குலுக்கினர் என்பதே இன்னும் எனக்கு விளங்கவில்லை."

"அப்புறம் ஏன் காபியைக் கீழ வெச்சீங்க?"

பேராசிரியர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவ்வாத் அவர்களே, உங்கள் ஊரில் காபியை நிறுத்தும் வழி தெரியாமல் நெடுங்காலம் துன்புற்றேன். வெள்ளிக்கு முந்தைய நாள்தான் அபீர் மனமிரங்கிச் சொல்லித் தந்தாள்: ‘எங்கள் வீட்டில் போதும் என்றால் பருகாமல் கீழே வைத்துவிடுங்கள், யார் என்ன கேட்டாலும் வாயை மட்டும் திறக்காதீர்கள்.’"